பிளேனர் மேக்னெடிக் ஸ்பீக்கர்: பேனலுக்குப் பின்னால் எத்தனை அடி?

(பின்சுவர், நாலு ஓம், பழைய பேனல் என்ற புனைபெயர்களில் மூன்று பேர் மாறிமாறிச் சொல்கிறார்கள்.)

பின்சுவர்:

பிளேனர் மேக்னெடிக், அதாவது பெட்டியில்லாத தட்டையான பேனல் ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மாடல் பெயரில் தொடங்குகிறார்கள். டேப் எடுத்து அறையை அளப்பதில் தொடங்குங்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜிம் வைனி 1969இல் தொடங்கிய மேக்னபேன் நிறுவனத்தின் பேனல்களை வைத்தே சொல்கிறேன், அவைதான் பலருக்கும் முதலில் கிடைப்பவை. இவற்றில் பெட்டி கிடையாது. மெல்லிய மைலார் படலம், அதன்மேல் ஒட்டிய அலுமினியக் கம்பி அல்லது பட்டை, அருகே துளையிட்ட இரும்புத் தகட்டில் வரிசையாகக் காந்தப் பட்டைகள். முன்னால் போகிற அளவு ஒலி பின்னாலும் போகிறது, எதிர் ஃபேஸில்: முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கும்.

பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பேனலுக்கும் சுவருக்கும் 1.5 அடி இருந்தால், திரும்பிவரும் ஒலி சுமார் 185 ஹெர்ட்ஸில் முன் ஒலியோடு சேர்ந்து மேடு கட்டும், 375 ஹெர்ட்ஸ் அருகே அடித்துக்கொண்டு பள்ளம் போடும். பாடகரின் குரலுக்கு உடம்பு கொடுக்கும் இடம் அது. 3 அடிக்கு இழுத்தால் மேடு 95க்கும் பள்ளம் 190க்கும் இறங்கும். 5 அடி கொடுத்தால் மேடு 57இல் வந்து, பேனல் இயல்பாகவே பேஸை இழக்கத் தொடங்கும் இடத்தைத் தாங்கிப் பிடிக்கும். பள்ளம் 115 பக்கம் போகும். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரில் மேடும் பள்ளமும் இடம் மாறி வரும் என்பதால், அதற்கு எழுதிய அட்டவணையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

நேரக் கணக்கும் உண்டு. 3 அடியில் பின்னொலி சுமார் 5 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். அதற்குக் குறைந்தால் காது இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, ஒலிமேடையை (பாடுபவரும் வாத்தியங்களும் எதிரே விரிந்து நிற்பதுபோல் தோன்றுவதை) ஸ்பீக்கரிலேயே ஒட்டவைத்துவிடும். 3 அடி கொடுக்க முடியாத அறைக்குப் பேனல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

10×12 அடி அறை என்றால் மேக்னபேனின் சின்ன மாடல்களான எல்ஆர்எஸ் அல்லது எல்ஆர்எஸ் பிளஸ். 4 அடி உயரம், 14.5 அங்குல அகலம். நீளவாக்கில் பின்னால் 3 அடி, பேனலிலிருந்து நாற்காலிக்கு 7 அடி, தலைக்குப் பின்னால் 2 அடி. 12×16 இருந்தால் அவர்களின் பெரிய மாடலான 1.7ஐ யோசிக்கலாம்: அதே வரிசையில் 4, 9, 3 அடி. ஐந்தடிக்கு மேல் உயரமான அந்தப் பேனலைச் சின்ன அறையில் அடைத்தால் எல்ஆர்எஸ்ஸைவிட மோசமாகத்தான் ஒலிக்கும்.

நாலு ஓம்:

பின்சுவர் சார் அறையைச் சொல்லிவிட்டார், நான் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பக்கம் வருகிறேன். புரோஷரில் 86 டெசிபல் என்று இருப்பதைப் பார்த்து "சரி, சுமாரான சென்சிட்டிவிட்டிதானே" (கொடுக்கும் பவருக்கு வரும் சத்தம்) என்று நினைத்துவிடாதீங்க. அது 2.83 வோல்ட்டுக்கான கணக்கு. 4 ஓமில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட். ஒரு வாட்டுக்குப் பார்த்தால் 83தான். 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் போதும் என்கிற இடத்தில் இதற்கு 100 வாட் வேண்டும்.

நல்ல விஷயம், இம்பிடன்ஸ் (ஆம்ப் எதிர்கொள்ளும் மின்தடை) எல்லா ஹெர்ட்ஸிலும் கிட்டத்தட்ட நேர்கோடு. சாதாரண ஸ்பீக்கர் மாதிரி ஃபேஸ் கோணம் ஏறி இறங்கி ஆம்பைப் படுத்தாது. அதனால் கிளாஸ் டி (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி வேலை செய்யும், சூடு குறைந்த) ஆம்ப் நன்றாகவே பொருந்துகிறது. ஹைபெக்ஸ், பியூரிஃபை நிறுவனங்களின் மாட்யூல் போட்டவை சூடாகாமல் ஓட்டுகின்றன. பழைய பாணி கிளாஸ் ஏபி எடுத்தால் 8 ஓமில் 100, 4 ஓமில் 180-200 வாட் என்று ஏறக்குறைய இரட்டிப்பாகிறதா பாருங்க. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தாலோ, 4 ஓம் எண்ணே போடாமல் விட்டிருந்தாலோ பவர் சப்ளை சின்னது. ஹோம் தியேட்டர் ரிசீவரில் மாட்டினால் மெதுவாகக் கேட்கும்வரை சரியாக இருக்கும். மிருதங்கத்தின் தொப்பி விழும்போது புரொடெக்‌ஷனில் போய், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்து நிற்கும். ரிசீவரின் மெனுவில் "4 ஓம்" என்று மாற்றினால் பல மாடல்களில் வோல்டேஜைக் குறைத்துவிடும், பவர் ஏறாது.

கேபிளுக்குக் காசு கொட்ட வேண்டாம். 3 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் மல்டி ஸ்ட்ராண்ட் செப்பு வயர் போதும். போகவர மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.04 ஓம்தான், 4 ஓமில் நூற்றில் ஒரு பங்கு.

ட்வீட்டர் (ஹை ஒலிக்கும் பகுதி) ஃப்யூஸ் போனால் பின்தகட்டில் அச்சிட்ட அதே அளவுதான் போடணும். வெள்ளிக் கம்பியோ செப்புத் துண்டோ வைத்து நேராக இணைத்தால் அடுத்துப் போவது ட்வீட்டரின் அலுமினியம், அதைக் கடையில் மாற்றிப் போட முடியாது. அதே பின்தகட்டில் ட்வீட்டருக்கு ஒரு ஜம்பர் (சின்ன இணைப்புத் துண்டு) இருக்கும். ஹை அதிகம் என்று பட்டால் அதை எடுத்துவிட்டு 1 ஓம் ரெசிஸ்டர் போடலாம். டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள அறைகளில் இது தேவைப்படுகிறது. ஆனால் முதலில் தரையில் கம்பளம் விரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் ரெசிஸ்டருக்கு வாங்க.

பழைய பேனல்:

செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்களுக்கு. இந்தப் பேனல்கள் பெரும்பாலும் பசை விட்டுத்தான் சாகின்றன. வெயிலும் ஈரமும் சேர்ந்து கம்பியை மைலாரில் பிடித்திருக்கும் பசையை உதிர்க்கும். கம்பி தளர்ந்த இடம் குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ஜிர் என்று அதிரும். பாட்டு போட்டுக் கேட்டால் இது பிடிபடாமல் போகலாம். போன் ஆப்பில் 40 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (சுரம் மெதுவாக ஏறிக்கொண்டே போகும் ஒலி) போட்டு, ஒவ்வொரு பேனலாக, மிதமான சத்தத்தில் ஓட்டுங்கள். அதிர்கிற இடத்தில் ஸ்வீப்பை நிறுத்தி, துணிமேல் விரலை லேசாக வைத்துக்கொண்டே நகர்த்தினால் எந்த உயரத்தில் விட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிறகு மல்டிமீட்டர். இரண்டு பேனலின் டெர்மினலிலும் டிசி ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். க்ராஸ்ஓவரில் (பேஸையும் ஹையையும் பிரித்து அனுப்பும் சுற்றில்) கெபாசிட்டர் இருப்பதால் ட்வீட்டர் அறுந்திருப்பது அந்த அளவில் தெரியாமல் போகலாம், அதை ஃப்யூஸ் ஹோல்டர் பக்கம் தனியாகப் பாருங்கள். கடைசியாக அறையை இருட்டாக்கி, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். கம்பி வரிசை நேராக இல்லாமல் ஓரிடத்தில் வளைந்து நின்றால் அங்கே பசை போயிருக்கிறது. காந்தப் பட்டை இடம் பெயர்ந்ததும் அப்படியே தெரியும். படுக்கவைத்துத் தூக்கிப்போட்டு லாரியில் வந்த பேனலில் இதை அதிகம் பார்க்கலாம்.

பசையைச் சரிசெய்ய முடியும். துணியைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, கம்பியை ஒட்டி, மேலே பூச்சு கொடுக்க வேண்டும். பொறுமைசாலிக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு வார இறுதிகள் பிடிக்கும். அலுமினியம் உப்புக் காற்றில் வெளுத்து அரித்துப்போயிருந்தால் மட்டும் தொடாதீர்கள். சென்னைக் கடற்கரையோர வீடுகளிலிருந்து வரும் ஜோடிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இன்னொன்று: பேனல் நிற்கும் அறையில் இரும்பை ட்ரில் செய்வதோ கிரைண்டர் போடுவதோ கூடாது. இரும்புத் தூள் காந்தத்துக்கும் படலத்துக்கும் இடையில் போய் உட்கார்ந்தால் எடுக்க வழியில்லை.

பின்சுவர்:

நிறுத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேனலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், ட்வீட்டர் ஒரு ஓரத்தில் இருக்கும். அதை உள்பக்கம் வைத்தால் நடுவில் பாடுபவர் கூர்மையாக நிற்பார், வெளிப்பக்கம் வைத்தால் மேடை விரியும். பேனல்களுக்கு நடுவே 7 அடிக்கு மேல் இருந்தால் உள்பக்கத்தை முதலில் முயலுங்கள். எப்படி வைத்தாலும் கேட்பவருக்கு ட்வீட்டர் ஓரம் பேஸ் ஓரத்தைவிடக் கிட்டே வரக் கூடாது. நாற்காலியில் தலை இருக்கும் இடத்தில் நூலைக் கட்டி, ஒவ்வொரு பேனலின் இரு ஓரங்களுக்கும் இழுத்து அளக்கவும். இடது, வலது 5 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் கேபிள் மாற்றிப் பார்ப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பக்கச் சுவர் பெரிய பிரச்சினை இல்லை, பேனலின் பக்கவாட்டில் ஒலி மிகக் குறைவு. பின்சுவரில் ஒரு அங்குல ஃபோம் ஒட்டாதீர்கள். அது ஹையை மட்டும் தின்றுவிட்டு மேலே சொன்ன பள்ளத்தை அப்படியே விட்டுவிடும். தூரம் 3 அடிதான் என்றால் 4 அங்குல ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கனிமப் பஞ்சு), சுவரிலிருந்து சிறிது இடைவெளி விட்டு. 4-5 அடி இருந்தால் டிஃப்யூசர் (ஒலியைச் சிதறடிக்கும் பலகை), அல்லது வெவ்வேறு ஆழத்தில் புத்தகம் அடுக்கிய அலமாரி.

நாலு ஓம்:

பேஸ் பற்றி ஒன்று. 40 ஹெர்ட்ஸில் ஈக்யூ (ஈக்வலைசர்) போட்டு 6 டெசிபல் ஏற்றினால் ஆம்புக்கு நாலு மடங்கு பவர், படலத்துக்கு இரண்டு மடங்கு அசைவு. படலம் போய்க் காந்தத்தில் அடிக்கும். தட் என்று ஒரு காய்ந்த சத்தம் வந்தால் உடனே வால்யூமைக் குறைங்க. பேஸ் வேண்டுமென்றால் சப்வூஃபர். ஒரு பெரிய போர்ட்டடை (பெட்டியில் காற்றுத் துளை உள்ளது) விட இரண்டு சின்ன சீல்டு (முழுதும் மூடியது) நல்லது, எல்ஆர்எஸ்ஸுக்கு சப்பை 60-70 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலிக்காமல் வெட்டி.

ஃபேஸ் சரிசெய்ய: சப்பின் போலாரிட்டியைத் தலைகீழாக்கி, க்ராஸ்ஓவர் ஹெர்ட்ஸில் ஒரே டோன் ஓடவிட்டு, நாற்காலியில் சத்தம் முடிந்தவரை குறையும்வரை ஃபேஸ் குமிழைத் திருப்பணும். மிகக் குறைந்த இடத்தில் நிறுத்தி, போலாரிட்டியைப் பழையபடி மாற்றுங்க. சப் லெவலை அதற்கப்புறம்தான் தொடணும், குறைவிலிருந்து ஏற்றிக்கொண்டே. தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் சப் இருப்பதே தெரியக் கூடாது. தெரிந்தால் வெட்டும் ஹெர்ட்ஸை இன்னும் 5 கீழே கொண்டு போங்க.