இரவு ஏழரைக்குப் பிங் 60இலிருந்து 400க்குத் தாவுகிறது: என்ன செய்யலாம்?

உப்புவெளிப் பெடியன்

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் பைபர் இணைப்பு, பழைய டெஸ்க்டொப். வலோரண்ட் என்ற ஒன்லைன் சுடும் விளையாட்டை விளையாடுவது சிங்கப்பூர் சேர்வரில். பகலில் பிங் (தரவு சேர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 60 மில்லி செக்கன் அளவில் அசையாமல் நிற்கும். இரவு ஏழரை தாண்டினால் 350, 400 என்று தாவுகிறது. பத்து செக்கன் நன்றாக ஓடும், மறுபடி தாவும். நான் செத்த பிறகுதான் சுட்டவன் திரையில் தெரிகிறான். ஒன்பது மணிக்குப் பிறகு தானாகவே சரியாகிவிடும்.

விண்டோஸைப் புதிதாகப் போட்டேன், கிராபிக்ஸைக் குறைத்தேன், மாற்றம் இல்லை. காலையில் வேகம் அளந்தால் டவுன்லோட் 30, அப்லோட் 8 எம்பிபிஎஸ் வருகிறது. ரவுட்டர் முன் ஹோலில், கம்ப்யூட்டர் பின் அறையில், நடுவில் இரண்டு கல் சுவர். வைஃபையில்தான் ஓடுகிறது. போன மாரியில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. சித்திரைக்குப் பிறகுதான் தொடங்கியது.

ஞாயிறு இரவு எங்கள் அணிக்குப் போட்டி. மற்ற நாலு பேரும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து சேர்கிறார்கள். என் லைனால் அவர்கள் தோற்பதை என்னால் தாங்க முடியாது. 20 மீற்றர் வயர் வாங்குவதா, புது ரவுட்டர் வாங்குவதா?

நிலாவெளிக்காரன்

இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். முதலில் கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு கறுப்புக் கட்டளைத் திரைகளைத் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்குப் பிங் ஓட விடுங்கள் (பெரும்பாலும் 192.168.1.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). மற்றதில் வெளியே இருக்கும் கூகிளின் 8.8.8.8க்கு. கடைசியில் சிறு கோடு போட்டு ஆங்கில டி எழுத்தைச் (-t) சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். இரவு ஏழரைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரவுட்டருக்கே 100, 200 என்று வந்தால் வைஃபைதான் குற்றவாளி, வயர் இழுங்கள். ரவுட்டருக்கு ஒழுங்காக இருந்து வெளியே மட்டும் தாவினால் வயர் இழுத்தும் பயனில்லை.

உப்புவெளிப் பெடியன்

பார்த்தேன் அண்ணா. ரவுட்டருக்கு 2, 3, எப்போதாவது 9. அதே நேரம் 8.8.8.8க்கு 380. சுவர்தான் காரணம் என்று முழுதாக நம்பியிருந்தேன்.

மூதூர்

எனக்கும் இரவில் இதே கதை. ஆனால் எனக்கு 4ஜி ரவுட்டர், மாலையில் ஊரே ஒரு டவரில் தொங்குவதால் வருவது. பைபரில் இப்படித் தினமும் ஒரே நேரத்துக்குத் தொடங்கி ஒரே நேரத்துக்கு முடிந்தால் வீட்டில் யாரோ ஏதோ செய்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

உவர்மலை அக்கா

தம்பி, மூதூர்க்காரர் சொல்வதுதான் சரியான இடம். ஏழரைக்கு வீட்டுக்கு வருவது யார்? வந்ததும் யாருடைய போன் வைஃபையில் சேர்கிறது? சித்திரைக்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது?

ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் அப்லோட் 8தான். ஒரு போன் ஒரு ஜிபி வீடியோவை ஏற்றத் தொடங்கினால் கிட்டத்தட்ட 17 நிமிடம் அந்த 8ஐயும் அதுவே பிடித்துக்கொள்ளும். வெளியே போக முடியாததை ரவுட்டர் எறிந்துவிடாமல் வரிசையில் சேர்த்து வைக்கும். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் பாதையில்தான் (வாகனம் ஏற்றும் மிதவை) கடந்தோம். முன்னால் பத்து லொறி நின்றால் சைக்கிளில் வந்தவரும் காத்துக்கிடக்க வேண்டும். விளையாட்டு அனுப்புவது சைக்கிள் அளவு தரவுதான், ஆனால் லொறிகளுக்குப் பின்னால் நிற்கிறது. அந்தக் காத்திருப்புத்தான் உங்கள் 380. காலையில் அளந்தபோது லொறியே இல்லை, அதனால் கணக்கு அழகாக வந்தது.

ரவுட்டர் அமைப்பில் கியூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை என்று வைக்கும் வசதி) அல்லது பேண்ட்வித் கட்டுப்பாடு இருக்கிறதா பாருங்கள். மொத்த அப்லோடை 7இல் நிறுத்துங்கள். அளந்ததற்குக் கொஞ்சம் கீழே வைத்தால்தான் வரிசை உங்கள் ரவுட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும். அந்தப் போனுக்கு மட்டும் 4 போதும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டர் என்றால், அதில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் வசதியைப் போட்டு, கேக் என்ற முறையைத் தெரிவுசெய்யுங்கள். அது சைக்கிளுக்குத் தனி வழி விடும்.

இன்னொன்று. 60ஐ 20 ஆக்குகிறோம் என்று விற்கும் செயலிகளுக்குக் காசு கட்டாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி செக்கனுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான் போகும். கொழும்பில் இருந்து சிங்கப்பூர் 2,700 கிலோமீற்றர் அளவு. நேர்கோட்டில் போய் வந்தாலே 27. கேபிள் நேர்கோட்டிலும் போவதில்லை. 60 நல்ல எண், அதை அசையாமல் வைத்திருப்பதுதான் வேலை.

உப்புவெளிப் பெடியன்

அக்கா, கண்டுபிடித்துவிட்டேன். என் அண்ணன் புறாத் தீவுக்கு வெளிநாட்டுக்காரரைப் படகில் கூட்டிப்போகிறவர். சித்திரையில் கடல் அமைதியானதும் சீசன் தொடங்கியது. தண்ணீருக்குள் எடுத்த வீடியோக்களைத் தினமும் ஏழரைக்கு வீட்டுக்கு வந்து ஏற்றுகிறார், வந்தவர்களுக்கு அனுப்ப. மாரியில் படகே ஓடாது, லாக்கும் இல்லை! அவருடைய பிழைப்பை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. நீங்கள் சொன்னபடி அவருடைய போனுக்கு 4, மொத்தத்துக்கு 7 வைத்தேன்.

ஞாயிறு போட்டி இரண்டு மணித்தியாலம் போனது. பிங் 70ஐத் தாண்டவில்லை. அவ்வளவு நேரமும் முன் ஹோலில் அண்ணன் கடலாமை வீடியோவை ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்.