ஃபிட்ஸுக்கு மூளையில் கம்பி வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கடலூர்க்காரி:
தம்பிக்கு 26 வயது, பன்னிரண்டு வயதிலிருந்து ஃபிட்ஸ். லெவிடிராசெட்டம், கார்பமாசெபின், குளோபசாம் மூன்று மாத்திரையும் வேளை தவறாமல் போகிறது, ஆனாலும் மாதம் ஐந்தாறு தடவை வந்துவிடுகிறது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே வெறித்துப் பார்த்தான், கை மட்டும் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, அம்மா வழக்கம்போல இரும்புச் சாவியைத் தேடி ஓடினார். டாக்டர் டி.பி.எஸ். என்று ஏதோ சொல்கிறார், மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரத்தால் தூண்டுவதாம், மூளைக்குப் பேஸ்மேக்கர் மாதிரியாம். அதற்கு முன்னால் ஐந்து நாள் படுக்க வைத்து வீடியோ இ.இ.ஜி. (கேமராவோடு மூளையின் மின் அலைப் பதிவு) எடுக்கணுமாம். ஏற்கெனவே நாலு தடவை இ.இ.ஜி. எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். மறுபடி எதற்கு? கம்பி வைத்தால் அடியோடு நின்றுவிடுமா?

பழைய பேஷன்ட்:
வீடியோ இ.இ.ஜி.யை மட்டும் விட்டுவிடாதீர்கள் சகோ. அரைமணி நேர இ.இ.ஜி.யில் ஒன்றும் சிக்காமல் போவது சகஜம். வார்டில் தலை முழுக்கப் பசை வைத்து ஒயரை ஒட்டி, துணி சுற்றி, ராப்பகலாகக் கேமரா ஓடும், ஃபிட்ஸ் வரட்டும் என்று மாத்திரையையும் டாக்டரே குறைப்பார். ஃபிட்ஸ் எப்போ வரும் என்று நான் காத்துக்கிடந்தது வாழ்க்கையிலேயே அப்போதுதான்! மூன்றாம் நாள் ராத்திரி வந்தது. மூளையின் பக்கவாட்டு மடலில் (டெம்போரல் லோப்), ஒரே இடத்தில் தொடங்குவது தெரிந்தது, எம்.ஆர்.ஐ.யிலும் அதே இடத்தில் தழும்பு. அதை வெட்டி எடுத்துவிட்டார்கள், கம்பி தேவைப்படவில்லை. கனடாவில் இந்த வகைக்காரர்கள் 80 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் வந்தது: ஒரு வருடம் கழித்து, நினைவு தப்பும் ஃபிட்ஸே இல்லாதவர்கள் ஆபரேஷன் பக்கம் 58 சதவீதம், மாத்திரை பக்கம் 8. அதனால் முதலில் இடத்தைக் கண்டுபிடிக்கட்டும்.

தலாமஸ் வீட்டுக்காரி:
என் வீட்டுக்காரருக்கு இரண்டு பக்கமும் கிளம்புகிறது, வெட்ட முடியாது என்றார்கள், அதனால்தான் கம்பிக்குப் போனோம். மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியில் இரண்டு பக்கமும் கம்பி, காறை எலும்புக்குக் கீழே பேட்டரி, ஒரு நிமிடம் தூண்டும், ஐந்து நிமிடம் சும்மா இருக்கும். அடியோடு நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அமெரிக்காவில் 110 பேருக்கு வைத்துப் பார்த்ததில் இரண்டு வருடத்தில் ஃபிட்ஸ் பொதுவாகப் பாதிக்குச் சற்று மேல் குறைந்தது, அதை வைத்து 2018இல் அங்கே அனுமதி கொடுத்தார்கள். இவருக்கு எட்டு மூன்றாகியிருக்கிறது, மாத்திரை தொடர்கிறது. மனச்சோர்வு, மறதி வரலாம், இவர் முதல் நாலு மாதம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார், கருவி தூண்டும் அமைப்பை (செட்டிங்) மாற்றியபின் சரியானது. அப்புறம், தோள்வலிக்குப் பிசியோதெரபி போனால் டயாதெர்மி (மின் அலையால் உள்ளே சூடு கொடுப்பது) வைக்கவே கூடாது, முதலிலேயே சொல்லிவிடணும்.

கடலூர்க்காரி:
சரி, படுக்க வைக்கிறோம். எங்கே போகலாம்? துணைக்கு அம்மாதான் இருப்பேன் என்கிறார், சாவியோடு.

பழைய பேஷன்ட்:
திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, பெங்களூரு நிம்ஹான்ஸ் இரண்டிலும் வலிப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் கொடுப்பார்கள், ஃபிட்ஸ் தொடங்கியதும் அழுத்தணும். அம்மாவிடம் சாவியை வாங்கிவைத்துவிட்டு அந்தப் பட்டனைக் கொடுங்கள். போர்வையை விலக்கி, கேமராவை மறைக்காமல் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு என்ன பதில் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். என் அம்மா பதறிப்போய் மேலே விழுந்து கட்டிக்கொண்டதில், முதல் ஃபிட்ஸின் வீடியோ முழுக்க அவர் முதுகுதான்.