தியடோர் பாஸ்கரனை வாசித்தவர்கள்: அனுபவப் பகிர்வு

மதுரையிலிருந்து:

தாத்தா காலமான பிறகு, வீட்டுப் பரணிலிருந்து நாங்கள் இறக்கிய தகரப் பெட்டியில், மடித்து வைத்த வேட்டிகளுக்கு அடியில் நாற்பதுக்கும் மேற்பட்ட சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. தைத்த கம்பி துருவேறித் தாளில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. முதலில் கதைச் சுருக்கம். அது நாயகி ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் இடத்தில் சட்டென்று நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணும்படி வாசகரைக் கேட்டுக்கொள்ளும். அதன்பின் ராகக் குறிப்போடு பாடல்கள். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

அந்தச் சமயத்தில், நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்திருந்த ஒரு புத்தகம்தான் அவற்றைக் காப்பாற்றியது. 1981இல் க்ரியா வெளியிட்ட, தமிழ் சினிமா வரலாற்றாய்வாளர் சு. தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ என்ற அந்த ஆங்கில நூல், 1880 முதல் 1945 வரை தென்னிந்தியாவில் தேசிய அரசியலும் மக்களின் பொழுதுபோக்குக் கலைகளும் எப்படிக் கைகோத்தன என்பதை ஆராய்கிறது. நாடகம், மேடைப்பாட்டு, இசைத்தட்டு, மௌனப்படம், பேசும்படம் என்று அது தொட்டுச் செல்லும் எல்லாமே, அன்றைய படித்தவர்கள் பொருட்படுத்தாமல் ஒதுக்கியவை. ஆவணக் காப்பகத்தின் அரசுக் கோப்புகளுக்கு என்ன மதிப்போ, அதே மதிப்பை நாடக நோட்டீசுக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் கொடுத்து அவர் எழுதியிருந்ததைக் கண்டபோது எனக்குக் கை நடுங்கியது என்றே சொல்வேன்.

காரணம் எளிமையானது. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான் இன்று எஞ்சியிருக்கிறது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்துக்கும் பிரதி இல்லை. படம் அழிந்துபோன பிறகு, அதில் என்ன பாடினார்கள், யார் நடித்தார்கள், கதை எப்படிப் போயிற்று என்பதற்கு மிஞ்சும் சாட்சி, கொட்டகை வாசலில் விற்ற அந்தச் சின்னப் புத்தகம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கொக்கு பறப்பதைப் பற்றிப் பாட்டி ஒரு பாட்டு முணுமுணுப்பார். குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டு என்றே நான் நம்பியிருந்தேன். அது நாடகப் பாடலாசிரியர் மதுரை பாஸ்கரதாஸ் எழுதி, நாடக நடிகர் விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் மேடையில் பாடிய பாட்டு என்பதும், அந்தக் கொக்கு வெள்ளைக்காரனைக் குறித்தது என்பதும், இப்படிப் பாடியதற்காகவே விஸ்வநாததாஸ் மீண்டும் மீண்டும் கைதானார் என்பதும் அந்தக் காலத்து நாடகங்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தன. பாட்டியிடம் கேட்க அப்போது பாட்டி இல்லை.

தணிக்கையைப் பற்றி அந்நூல் பேசும் பகுதியைத் தவறாமல் படிக்கச் சொல்வேன். 1937இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்ததும் பிடி தளர்ந்தது. தேசியக் கருத்துகள் வெளிப்படையாகத் திரைக்கு வந்தன. 1939இல் உலகப் போர் மூண்டு, அந்த அமைச்சரவை பதவி விலகியதும் பிடி மறுபடி இறுகியது. கே. சுப்ரமணியம் இயக்கிய ‘தியாக பூமி’ 1939இல் வெளியாகி ஓடிய பிறகு தடை செய்யப்பட்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான், ஆட்சியாளர்கள் ஒரு சினிமாவுக்கு ஏன் அஞ்சினார்கள் என்பது விளங்கும்.

ஆர்.எம்.எஸ். (ரயில்வே அஞ்சல் சேவை) ஓய்வூதியர் ஒருவர்:

நான் ரயிலில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்த ஆள். பாஸ்கரன் அவர்களை எனக்கு முதலில் ஓர் அதிகாரியின் பெயராகத்தான் தெரியும். சுற்றறிக்கைகளின் அடியில் பார்த்த பெயர், அவ்வளவுதான். தாராபுரத்தில் 1940இல் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வரலாறு படித்து, அஞ்சல் பணியில் சேர்ந்து, தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிகாரியாக 1998இல் ஓய்வு பெற்றவர் அவர். 1996இல் வெளிவந்த ‘தி ஐ ஆஃப் தி சர்ப்பன்ட்’ என்ற தமிழ் சினிமா அறிமுக நூலுக்குத் தேசிய விருது கிடைத்த செய்தியைப் படித்த அன்று, எங்கள் துறைக்காரர் ஒருவர் இதைச் செய்திருக்கிறாரே என்று எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இன்றும் மறக்கவில்லை. இரவுப் பணியில், இரண்டு நிலையங்களுக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்நூலை நான்கு மாதங்களில் படித்து முடித்தேன். அதுவே பின்னாளில் ‘பாம்பின் கண்’ என்று தமிழில் வந்தபோது ஒரே வாரத்தில் மறுபடி படித்தேன்.

அந்தத் துறையின் வேலைச்சுமை எனக்குத் தெரியும். அதற்கு நடுவே ஒரு மனிதர் வரலாற்று ஆய்வைக் கைவிடாமல் தொடர்ந்தார் என்பதும், ஓய்வு பெற்றதும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார் என்பதும் என்னை மிகவும் ஈர்த்த விஷயங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாகச் சேர்த்த பழைய நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் நிறைந்த அந்த நூலகத்துக்கு, பாட்டுப் புத்தகத்தின் அருமை தெரிந்த ஒருவர் பொறுப்பேற்றது எவ்வளவு பொருத்தம்! மேலே எழுதிய மதுரை நண்பரே, உங்கள் பெட்டியையும் அங்கே காட்டுங்கள்.

பாஸ்கரனின் இயற்கைக் கட்டுரைகளைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. ஆனால் ‘காட்டுயிர்’, ‘வாழிடம்’ என்ற சொற்களை நான் அவருடைய எழுத்திலிருந்துதான் கற்றேன். சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள அதே கவனம் அவருடைய சினிமா எழுத்திலும் இருக்கிறது.

கல்லூரி ஆசிரியை ஒருவர்:

எனக்குப் பாஸ்கரனோடு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. மரியாதையோடு அதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சினிமா என்பது பிம்பங்களால் பேச வேண்டிய கலை. நாடக மேடையிலிருந்து வந்த வசனமும் பாட்டும் தமிழ்ப்படத்தில் அந்த மொழியை வளரவிடாமல் அழுத்திவிட்டன என்பது அவர் விடாமல் வலியுறுத்தும் வாதம். பாட்டைப் பொறுத்தவரை என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. கதையை நிறுத்திவிட்டு வரும் பாட்டுத்தான் பல வேளைகளில் அந்தப் பாத்திரத்தின் மனத்தை எனக்குத் திறந்து காட்டியிருக்கிறது.

ஆனால் வசனத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். 1940களில் வந்த ஒரு படத்தின் நீதிமன்றக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுத் திரையிட்டேன். முதல் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, “மேடம், எல்லாரும் ஏன் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம நம்மளையே பார்த்துப் பேசுறாங்க?” என்று கேட்டாள். நடிகர்கள் ஒரே வரிசையில் கேமராவை நோக்கி நின்றிருந்தார்கள். கேமரா, கொட்டகையின் நடு இருக்கையில் உட்கார்ந்த ரசிகரைப் போல அசையாமல் இருந்தது. ஒலியோடு பலமுறை பார்த்தபோது வசனத்தின் அழகில் மயங்கி இதைக் கவனிக்காமல் விட்டவள் நான். அதன்பின் அந்த வகுப்பு முழுவதும், மேடை எங்கே முடிகிறது, சினிமா எங்கே தொடங்குகிறது என்று காட்சி காட்சியாகத் தேடுவதிலேயே கழிந்தது.

அடுத்த பருவத்தில் காணாமல் போன படங்களைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கப் போகிறேன். மதுரை நண்பர் தம்மிடம் உள்ள பாட்டுப் புத்தகங்களில் ஒன்றின் கதைச் சுருக்கப் பக்கத்தை மட்டும் படமெடுத்து இங்கே இட்டால், கதை நின்ற இடத்திலிருந்து மாணவர்களைக் காட்சி எழுதச் சொல்வேன். துருக்கறையையும் சேர்த்தே எடுங்கள்.