உதவி தேவை: அப்பாவின் சேமிப்பில் கூரை திருத்தினால் பெனிஃபிட் கிடைக்காமல் போகுமா?

ஹாரோவாசி
வணக்கம். அவசரமாக ஒரு பதில் வேண்டும். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. முன்னறைச் சீலிங் ஊறிக் கறுத்துப் போய்விட்டது, மழை வந்தால் வாளி வைத்துத்தான் இருக்கிறோம். பில்டர் திங்கட்கிழமை வருகிறார், முன்பணம் கேட்கிறார். அப்பாவின் சேமிப்பு 27,500 பவுண். அதில் 20,400 வேலைக்குப் போகும். வேலை முடிந்த பிறகு பெனிஃபிட்டுக்கு (பிரித்தானிய அரசின் உதவித்தொகைக்கு) விண்ணப்பிக்க இருக்கிறோம். காசைச் செலவழித்துவிட்டு விண்ணப்பித்தால் அது இன்னும் கையில் இருப்பதுபோலவே கணக்குப் பார்ப்பார்கள் என்று வேலையிடத்தில் ஒருவர் சொல்கிறார். உண்மையா? தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

நாவற்குழி
எந்த பெனிஃபிட்? அப்பாவுக்கு எத்தனை வயது? அம்மா இருக்கிறாரா, அவருக்கு எத்தனை வயது? இது தெரியாமல் யாரும் சரியான பதில் சொல்ல முடியாது.

ஈஸ்ட்ஹாம் தம்பி
பயப்படாதீங்க ப்ரோ. 7 வருஷத்துக்கு முன்னாடி செலவு பண்ணியிருந்தா கேட்க மாட்டாங்க. அதுக்குள்ளன்னா கேட்பாங்க.

கணக்குப்பிள்ளை
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. பழைய உரையாடல் இழைகளைத் தேடிப் படித்திருந்தால் பாதிப் பதில் கிடைத்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், கவனமாக வாசியுங்கள்.

ஈஸ்ட்ஹாம் தம்பி சொன்ன 7 வருடம் வாரிசு வரிக்கு உரியது. பெனிஃபிட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெனிஃபிட்டில் வருடக் கணக்கே கிடையாது, நோக்கம்தான் கணக்கு. வருமானம் குறைந்தவர்களுக்கான மாத உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டின் 2013 விதிகளில் 50ஆவது விதியைப் பாருங்கள். பெனிஃபிட் பெறுவதற்காகவோ கூட்டிப் பெறுவதற்காகவோ ஒருவர் சேமிப்பைக் குறைத்தால், அந்தக் காசு அவரிடமே இருப்பதாகக் கருதுவார்கள். அதே விதியில் இரண்டு விலக்கு உண்டு. கடனை அடைத்தால் பிரச்சினை இல்லை. அவருடைய நிலைமைக்கு நியாயமான பொருளோ சேவையோ வாங்கினாலும் பிரச்சினை இல்லை. ஒழுகும் கூரையைத் திருத்துவது நியாயம் இல்லை என்று எந்த அதிகாரியும் சொல்லிவிட முடியாது. வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டிலும் இதே ஏற்பாடுதான்.

வல்லைவெளி
கணக்குப்பிள்ளை அண்ணா, சொன்னது சரி, ஆனால் அந்த முதல் வரி தேவையில்லை. வீட்டுக்குள் தண்ணீர் கொட்டும்போது யார் பழைய இழை தேடுவார்கள்?

கணக்குப்பிள்ளை
தேட வேண்டும். அதற்குத்தான் அவை இருக்கின்றன.

கிங்ஸ்பெரி அக்கா
ஹாரோவாசி, 20,400 முழுவதும் கூரைக்கா? கூரைக்கு அவ்வளவு வராதே. வேறு என்னென்ன வேலை? வீடு யார் பெயரில்?

நாவற்குழி
அக்கா கேட்டது முக்கியம். என் பெரியம்மா பென்ஷன் கிரெடிட் எடுக்கும்போது இப்படித்தான் பழைய செலவுக்கு விளக்கம் கேட்டார்கள். பில்டர் கொடுத்த பற்றுச்சீட்டில் ‘பொது வேலை’ என்ற ஒரே வரியும் மொத்தத் தொகையும்தான் இருந்தது. அதை ஏற்கவில்லை. பிறகு அந்த பில்டரையே பிடித்து, எந்த அறையில் என்ன செய்தார், மரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்கினோம். மருமகன் கைபேசியில் பழைய சுவரின் படம் இருந்தது, பூஞ்சணம் கூரைவரை ஏறியிருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பினோம், சரியாகிவிட்டது. நீங்கள் இப்போதே படம் எடுத்து வையுங்கள், வேலை தொடங்கினால் எடுக்க முடியாது.

ஹாரோவாசி
நன்றி. அப்பா 70, அம்மா 63. கூரை 8,200, கீழே வெட் ரூம் (படியில்லாத குளியலறை) 5,400, முன்னால் டிரைவ்வேக்கு (கார் நிறுத்தும் இடத்துக்கு) கல் பதிக்க 6,800. வீடு என் பெயரிலும் மனைவி பெயரிலும். அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். பென்ஷன் கிரெடிட்தான் யோசித்தோம்.

கிங்ஸ்பெரி அக்கா
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நல்லது தம்பி. இரண்டு விஷயம் மாறுகிறது.

ஒன்று, பென்ஷன் கிரெடிட் கிடைக்காது. 2019 மே 15 முதல், தம்பதியில் ஒருவர் ஓய்வூதிய வயதுக்குக் கீழே இருந்தால் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் யூனிவர்சல் கிரெடிட்டுக்குத்தான் போக வேண்டும். அம்மாவுக்கு 67 ஆகும்வரை அதுதான். பென்ஷன் கிரெடிட்டில் 10,000 பவுண்வரை பார்க்க மாட்டார்கள், மேல் எல்லையும் கிடையாது. யூனிவர்சல் கிரெடிட்டில் 6,000-க்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும் (மிஞ்சும் பகுதிக்கும்) மாதம் 4.35 கழிப்பார்கள், 16,000-ஐத் தாண்டினால் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, வீடு அப்பாவுடையது இல்லை. அவர் படுக்கும் அறைக்கு மேலே ஒழுகினால் கூரைக்கு அவர் பங்கு போடுவது நியாயம் என்று வாதாடலாம். வெட் ரூம் அவருக்காக என்றால் அதுவும் சரி. டிரைவ்வே அப்படி இல்லை. அப்பா கார் ஓட்டுகிறாரா? இல்லையென்றால் மகன் வீட்டின் மதிப்பைக் கூட்ட அப்பா கொடுத்த அன்பளிப்பு என்றுதான் பார்ப்பார்கள். அதுவும் பெனிஃபிட் கேட்க இருக்கும் நேரத்தில்.

ஈஸ்ட்ஹாம் தம்பி
அப்போ டிரைவ்வே காச மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கேஷா எடுத்துக் கொடுத்துடலாமே. 200, 300ன்னு எடுத்தா யார் கவனிப்பாங்க?

கணக்குப்பிள்ளை
இப்படி யோசனை சொல்லாதீர்கள். வங்கிக் கணக்குத்தாள் கேட்பார்கள், சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் கைக்காசு போயிருந்தால் முதல் கேள்வியே அதுதான். பற்றுச்சீட்டும் இருக்காது. நியாயமான செலவைக்கூட சந்தேகத்துக்கு உள்ளாக்கும் வழி இது.

வல்லைவெளி
ஹாரோவாசி, இலங்கையில் ஊரில் அப்பா பெயரில் காணி, வீடு ஏதும் இருக்கிறதா? அதுவும் சேமிப்புக் கணக்கில் வரும்.

மாதகல்கரை
ஊர்க் காணியை எதற்கு இங்கே சொல்ல வேண்டும்? முப்பது வருடமாக அவர்கள் அங்கே கால் வைக்கவே இல்லை. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் எங்கள் குடும்பக் காணியில் இன்னும் ஆமி (இராணுவம்) இருக்கிறது. அதைச் சொத்து என்று எழுதச் சொன்னால் நெஞ்சு எரிகிறது.

வல்லைவெளி
உங்கள் வேதனை புரிகிறது. எங்களுடையதும் அப்படித்தான் கிடந்தது. ஆனால் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்று தெளிவாகக் கேட்கிறார்கள். மறைத்தால் அது குற்றம், கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பார்கள். சொல்லிவிட்டு மதிப்பைப் பற்றி வாதாடுங்கள். பொதுவாக அந்த நாட்டுச் சந்தை விலைதான் கணக்கு, விற்கச் செலவு வரும் என்றால் 10 சதவீதம் கழிப்பார்கள். ஆமி இருக்கும் காணியை யார் என்ன விலைக்கு வாங்குவார்? அதைக் கிராம சேவகர் (ஊருக்குப் பொறுப்பான அரச அலுவலர்) கடிதத்தோடு எழுதிக் கொடுங்கள். ஓய்வூதிய வயதான நெருங்கிய உறவு அந்த வீட்டில் குடியிருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள், அந்த விலக்கும் இருக்கிறது.

மாதகல்கரை
நாலு சகோதரர் பெயரில் சேர்ந்து கிடக்கிறது. காணி உறுதிப் பத்திரம் யாரிடம் என்றே தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை
கூட்டுச் சொத்தைப் பொதுவாகச் சம பங்காகப் பிரித்துத்தான் பார்ப்பார்கள். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், கேட்டவருடைய கேள்வி அமுங்கிப் போகிறது.

கிங்ஸ்பெரி அக்கா
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஹாரோவாசி, வெட் ரூம் ஏன்? அப்பாவுக்கு உடம்புக்கு என்ன? அவருடைய ஸ்டேட் பென்ஷன் (அரச ஓய்வூதியம்) எவ்வளவு?

ஹாரோவாசி
அப்பாவுக்குப் போன வருடம் ஸ்ட்ரோக் வந்தது. இடது பக்கம் இன்னும் பலவீனம். அம்மாதான் குளிக்க வார்த்து, சட்டை போட்டு, இரவிலும் எழுப்பிக் கூட்டிப் போகிறார். வேலையையும் விட்டுவிட்டார். ஸ்டேட் பென்ஷன் வாரம் 118 பவுண். 18 வருடம்தான் பங்களிப்புக் கட்டினார். ஊரில் ஒன்றும் இல்லை, எல்லாம் அத்தைக்கு எழுதிக் கொடுத்து நிறைய வருடம்.

கிங்ஸ்பெரி அக்கா
தம்பி, திங்கட்கிழமை முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

நீங்கள் சேமிப்பைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். முதலில் வருமானத்தைப் பாருங்கள். 2025-26 கணக்கில் தம்பதிக்கு யூனிவர்சல் கிரெடிட் அடிப்படைத் தொகை மாதம் 628.10. ஸ்டேட் பென்ஷனை முழுதாகக் கழிப்பார்கள். வாரம் 118 என்றால் மாதம் ஏறக்குறைய 511. மிஞ்சுவது 117 மட்டும்தான். எல்லா வேலையும் செய்தபின் சேமிப்பில் 7,100 இருந்தால் அதற்கும் 21.75 போகும். டிரைவ்வே செலவை ஏற்காவிட்டால் 13,900 இருப்பதாகக் கருதுவார்கள், அப்போது கழிவு 139.20, கையில் ஒன்றும் வராது. பராமரிப்பவருக்கான 201.68 சேர்த்தால் கொஞ்சம் கூடும்.

இப்போது சேமிப்பையே பார்க்காத வழி. அப்பாவுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கேளுங்கள். ஓய்வூதிய வயதுக்கு மேல், குறைந்தது 6 மாதமாக உதவி தேவைப்படுகிறவர்களுக்கு அது. 2025-26 கணக்கில், பகலில் மட்டுமோ இரவில் மட்டுமோ உதவி தேவை என்றால் வாரம் 73.90, இரண்டும் என்றால் 110.40. வங்கியில் எவ்வளவு இருந்தாலும் கேட்க மாட்டார்கள். அது கிடைத்தால், வாரம் 35 மணி நேரம் பார்க்கிற அம்மா கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான படி) கேட்கலாம், 2025-26 கணக்கில் வாரம் 83.30. அதற்கும் சேமிப்புக் கணக்கு இல்லை. அம்மாவின் அந்த 83.30 மாதத்துக்கு ஏறக்குறைய 361. யூனிவர்சல் கிரெடிட்டில் கேரர் தொகையை மட்டும் சேர்த்து, சேமிப்புக்கு ஒரு பவுண்கூடக் கழிக்காமல் பார்த்தால் ஏறக்குறைய 318 வருகிறது; அப்பாவின் உடல்நிலைக்காக வேறு தொகை சேர்ந்தால் இது மாறும். உங்கள் குடும்பத்துக்கு எது நல்லது என்று நீங்களே பாருங்கள்.

நாவற்குழி
அக்கா, இதை எழுதியதற்கு மிகவும் நன்றி. எங்கள் ஆட்கள் பலருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் இருப்பதே தெரியாது. ‘எங்களிடம் காசு இருக்கிறது, அரசாங்கம் தராது’ என்று முடிவு செய்துவிட்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அம்மாமார் முதுகு உடையத் தூக்குகிறார்கள்.

ஹாரோவாசி, படிவத்தில் அப்பா ‘சமாளிக்கிறார்’ என்று எழுதாதீர்கள். மோசமான நாள் எப்படி இருக்கும், சட்டைக் கையை யார் மாட்டுகிறார்கள், இரவில் அம்மா எத்தனை மணிக்கு எழும்புகிறார், அதை எழுதுங்கள். தொலைபேசியில் படிவம் கேட்டால், கேட்ட நாளில் இருந்தே கணக்குத் தொடங்கும், குறித்த காலத்துக்குள் திருப்பி அனுப்பினால் போதும்.

கணக்குப்பிள்ளை
அக்காவின் கணக்கு சரி. ஒன்று சேர்க்கிறேன். வெட் ரூமுக்கு பில்டரை விடாதீர்கள். கவுன்சிலில் (உள்ளூராட்சிச் சபையில்) டிஸேபிள்ட் ஃபசிலிட்டீஸ் கிராண்ட் இருக்கிறது, உடல் இயலாதவருக்கு ஏற்ப வீட்டை மாற்றும் நிதி அது, இங்கிலாந்தில் 30,000 பவுண்வரை. முதலில் தொழில்வழிச் சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். அதற்குச் சேமிப்புக் கணக்கு உண்டு, ஆனால் பார்ப்பது அப்பா அம்மாவின் நிலையை, உங்கள் சம்பளத்தை இல்லை. ஒப்புதல் வருவதற்கு முன் வேலையைத் தொடங்கினால் பொதுவாக அந்தக் காசு கிடைக்காது. கைப்பிடி போன்ற 1,000 பவுணுக்குள் அடங்கும் சிறு மாற்றங்களைக் கவுன்சில் இலவசமாகவே செய்யும், அதற்கு வருமானமும் பார்க்க மாட்டார்கள். கைப்பிடியையாவது இந்த வாரமே கேளுங்கள், ஸ்ட்ரோக் வந்தவர் குளியலறையில் வழுக்கினால் அதை விடப் பெரிய செலவு.

ஈஸ்ட்ஹாம் தம்பி
அப்போ கூரைக்கு அப்பா காசு கொடுக்கலாமா கூடாதா? அதைத்தானே அவர் கேட்டார்.

கிங்ஸ்பெரி அக்கா
கொடுக்கலாம். அவர் குடியிருக்கும் வீடு, மேலிருந்து தண்ணீர் வருகிறது, காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. மகனும் பங்கு போட்டால் இன்னும் நல்லது, சொந்தக்காரர் அவர்தானே. படம், இரண்டு பில்டர்களின் எழுத்து மூல விலை, பிரித்து எழுதிய பற்றுச்சீட்டு, வங்கி வழியாகக் கட்டணம். பின்னாளில் அம்மாவுக்கு 67 ஆகி பென்ஷன் கிரெடிட்டுக்குப் போகும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம், அதனால் கோப்பை எறிந்துவிடாதீர்கள். பிழையாக முடிவு செய்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கும் மேலே தீர்ப்பாயம் இருக்கிறது.

மாதகல்கரை
ஊர்க் காணிக்குத் தனி இழை போட்டிருக்கிறேன். கிராம சேவகர் கடிதம் எடுத்த அனுபவம் உள்ளவர்கள் அங்கே வாருங்கள்.

நாவற்குழி
ஹாரோவாசி, என்ன ஆயிற்று? பில்டர் வந்தாரா?

ஹாரோவாசி
மன்னிக்கவும், வேலை அதிகம். கூரை மட்டும் தொடங்கியாயிற்று, பாதி அப்பா பாதி நான். டிரைவ்வே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்டெண்டன்ஸ் படிவம் வந்துவிட்டது, அம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கவுன்சிலில் இருந்து ஆள் வர நாள் தந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

கிங்ஸ்பெரி அக்கா
நல்லது தம்பி. படிவத்தில் இரவுப் பகுதியை வெறுமையாக விடாதீர்கள், குறைந்த தொகையா கூடிய தொகையா என்று அதில்தான் முடிவாகும்.