2 மீட்டர் டூப்ளெக்சர் கேவிட்டியை 70 சென்டிமீட்டருக்கு மாற்றியவர்கள் உண்டா?

ஓ.எம்.கள் (அமெச்சூர் ரேடியோ நண்பர்கள்) அனைவருக்கும் வணக்கம். எங்கள் கிளப்பின் பழைய 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ரிப்பீட்டரை, அதாவது சிக்னலை வாங்கி வேறு அலைவரிசையில் மறுபடி அனுப்பும் நிலையத்தை, கழற்றியதில் அதன் டூப்ளெக்சரின் (ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் பெறுவதையும் பிரித்து வைக்கும் வடிகட்டி) நான்கு பெரிய கேவிட்டிகள், அதாவது ஒத்ததிர்வுக் குழாய்கள், சும்மா கிடக்கின்றன. நல்ல செம்புக் குழாய், எடைக்குப் போட மனசு வரவில்லை. 70 சென்டிமீட்டர் (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ரிப்பீட்டருக்கு இவற்றையே பயன்படுத்தலாமா என்று பார்க்கிறேன்.

கணக்கு சாதகமாகத்தான் இருக்கிறது. 145-ஐ மூன்றால் பெருக்கினால் 435. அதாவது 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளமாக ஒத்ததிரும் உள்தண்டு, 435-இல் முக்கால் அலைநீளமாக ஒத்ததிரும். தண்டை வெட்ட வேண்டியதில்லை, க்யூவும் (ஒத்ததிர்வின் கூர்மை) கூடும். இந்தியாவில் நமக்கு 434 முதல் 438 வரைதான் அனுமதி என்பதால், அனுப்பும் அலைவரிசைக்கும் பெறும் அலைவரிசைக்கும் நடுவே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்கு வழியில்லை; 1.6 வைக்கலாம் என்று எண்ணம். பழைய 600 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் விகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை.

சிக்கல் லூப்பில், அதாவது கேவிட்டிக்குள் சிக்னலை இணைக்கும் கம்பி வளையத்தில். இப்போதுள்ளது 435-க்கு ரொம்பப் பெரிது என்று நினைக்கிறேன். எவ்வளவு சிறிதாக்கினீர்கள்? நாட்ச்சுக்கான (வேண்டாத அலைவரிசையை வெட்டும் பள்ளம்) டிரிம்மரையும், அதாவது திருகிச் சரிசெய்யும் சிறு மின்தேக்கியையும், மாற்ற வேண்டியிருந்ததா? இணைப்புக் கேபிள்களும் மூன்று மடங்கில் ஒற்றைப்படைக் கால் அலையாகவே நிற்கும், ஆனால் லூப் மாறினால் அந்த நீளம் செல்லுமா?

அப்புறம் அளவீடு. கையில் சாதாரண நானோவிஎன்ஏதான் (சிறிய, மலிவான நெட்வொர்க் அனலைசர்) இருக்கிறது. 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது ஹார்மோனிக்கில் (மடங்கு அலைவரிசையில்) ஓடுவதால் நாட்ச்சின் உண்மையான ஆழம் இரைச்சலுக்குள் போய்விடுகிறது. வேறு எப்படி அளக்கலாம்? செய்து பார்த்தவர்கள் லூப்பின் படம் போட்டால் பெரிய உதவி. 73 (வாழ்த்துகள்).