400 கிமீ தூரத்துக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

கேள்வி: இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே அப்பாவை அழைத்துப் போகிறேன். ஒரு இணையதளம் தூரம் 400 என்கிறது, இன்னொன்று 216 என்கிறது. சாலை வழியாகவோ 560 கிமீ. விமானம் ஏடிஆர் 72, இறக்கையில் விசிறி சுழலும் சிறிய ரகம். மணிக்கு 500 கிமீ வேகம் என்று வைத்தால் 48 நிமிடம்தான் வருகிறது. டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, வெகு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. எந்தக் கணக்கை நம்புவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். 400, 216 இரண்டும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிமீ. சாலைக் கணக்கை விட்டுவிடுங்கள்.

நான் ஒரு சிறிய நிலையத்தில் தரைப்பணியில் இருந்தவன். நேரம் எங்கே போகிறது என்று சொல்கிறேன். டிக்கெட் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. இங்கே விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை. சிறிய நிலையங்கள் பலவற்றில் ஓடுபாதைக்குப் பக்கத்தில் தனி இணைப்புப் பாதை கிடையாது. விமானம் ஓடுபாதையிலேயே மெதுவாகக் கடைசி வரை உருண்டு போய், அங்கே முழுசாகத் திரும்பி, அப்புறம்தான் கிளம்பும். அந்த நேரத்தில் வேறு விமானம் இறங்க வந்தால் அதுவும் மேலே காத்திருக்க வேண்டியதுதான்.

மேலே ஏறும்போது ஏடிஆரின் வேகம் சுமார் 170 நாட், அதாவது மணிக்கு 315 கிமீ போல. நீங்கள் போட்ட 500 நடுவில் மட்டும்தான். இறங்கும்போது மறுபடி வேகம் குறையும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அதைப் பொறுத்து ஓடுபாதையின் மறுமுனைக்குச் சுற்றிப் போக வேண்டியும் வரலாம்.

இன்னொருவர்: காற்றையும் சேருங்கள். எதிர்க்காற்று மணிக்கு 50 கிமீ என்றால் உங்கள் 48 நிமிடம் 53 ஆகும், பின்காற்று என்றால் 44. குறுகிய தூரத்தில் இது சின்ன வித்தியாசம்தான். தரையில் போகும் நேரம்தான் பெரிது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாபா வெஸ்ட்ரேக்குத் தூரம் 2.7 கிமீ, அட்டவணையில் 2 நிமிடம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 81 கிமீதான் வரும்!

கேட்டவர்: ரொம்ப நன்றி அண்ணா. அப்படியானால் அப்பா எழுந்து நிற்க எவ்வளவு நேரம் கிடைக்கும்?

பதில்: ஏறும்போதும் இறங்கும்போதும் பெல்ட் போட்டே இருக்க வேண்டும் தம்பி. நடுவில் அரை மணி நேரம் போலத்தான் கிடைக்கும், அதுவும் விமானம் குலுங்காமல் இருந்தால். நடைபாதை ஓரத்து இருக்கை கேளுங்கள், காலை அவ்வப்போது நீட்டலாம். ஏடிஆரில் பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. அதனால் கடைசி வரிசைகளில் ஒன்றைக் கேட்டால் அப்பா உள்ளே அதிகம் நடக்க வேண்டாம். படி ஏறுவது சிரமம் என்றால் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். சிறிய நிலையத்தில் ஆள் குறைவு, கடைசி நிமிடத்தில் கேட்டால் தாமதமாகும்.