லாக் புலங்களைத் தேடும் கருவிக்கு ஏஐ ஏஜென்ட் புரிந்துகொள்ளும்படி விளக்கம் எழுதுவது எப்படி?

கேள்வி (நாகர்கோவில்): ரப்பர் ஷீட் கொள்முதல் செயலி ஒன்றின் லாகுகளில் (இயக்கப் பதிவுகளில்) உள்ள புலங்களின், அதாவது ஒவ்வொரு பதிவிலும் உள்ள தகவல் கூறுகளின், பெயரையும் வகையையும் தேடித் தரும் கருவியை ஏஜென்டுக்காக (கருவிகளை அழைத்துத் தானே வேலை செய்யும் ஏஐ நிரலுக்காக) அமைத்துள்ளோம். ஆனால் ஏஜென்ட் அதை அழைக்காமல், புலப்பெயரைத் தானே ஊகித்து வினவல் (லாகுகளில் தேடும் கட்டளை) எழுதுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராமல் வெற்று முடிவு கிடைப்பதால், கோளாறே இல்லை என்று அறிவித்துவிடுகிறது. விளக்கத்தை எவ்வாறு திருத்தலாம்?

பதில் (தக்கலை): கருவி என்ன செய்கிறது என்பதை மட்டுமன்றி, வினவல் எழுதுவதற்கு முன் அதை அழைக்க வேண்டும் என்பதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். உங்கள் குழுவின் ஆவணத் தளமான விக்கியில் எவ்வளவு எழுதியிருந்தாலும், ஏஜென்டிடம் கொடுக்கப்படாதவரை அது பயன்படாது. பொருந்தும் புலம் இல்லாவிட்டால், வெற்றுப் பட்டியலுக்குப் பதிலாக நெருங்கிய பெயர்களைத் திருப்பி அனுப்புவது நல்லது.

பதில் (மார்த்தாண்டம்): புலங்களின் பழைய பெயர்களையும் விளக்கத்தில் சேருங்கள். ஓப்பன்டெலிமெட்ரி (லாக் போன்ற பதிவுகளுக்கான பொதுத் தரநிலை) பெயரிடும் மரபில் எச்டிடிபி நிலைக்குறியீட்டுப் (இணையக் கோரிக்கையின் முடிவைக் காட்டும் எண்) புலத்தின் பெயர் 2023-இல் மாறியதால், பழைய நிரல் நூலகமும் புதிய நிரல் நூலகமும் கலந்த அமைப்பில் இரு பெயர்களுமே காணப்படும். கால அளவுப் புலத்துக்கு அலகு கட்டாயம். மில்லி விநாடியா, நானோ விநாடியா என்பதை ஏஜென்ட் எண்ணைப் பார்த்து ஊகிக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா. மாதிரி மதிப்புகளையும் காட்டலாமா?

பதில் (தக்கலை): காட்டலாம், ஆனால் விவசாயிகளின் கைபேசி எண், வங்கிக் கணக்கு போன்றவற்றுக்குப் போலி மதிப்புகளையே வையுங்கள்.